பறவையை வைத்துக் காட்டை எடை போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பைனாகுலரோடு கிளம்புகிற ஆள் என்று தெரிந்துவிட்டால் போதும், காப்பிக்கடையிலும் கல்யாண வீட்டிலும் இதே சந்தேகங்கள்தான் வரும். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை விட்டிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் ஓடுகின்றன.

பறவையை எண்ணி என்னதான் கண்டுபிடிக்கப் போறீங்க?

ஒரு காட்டில் இருக்கும் எல்லா உயிர்களையும் எண்ணி முடித்தவர் உலகத்திலேயே யாரும் கிடையாது. சிங்கப்பூரின் புக்கிட் தீமா காடு ஏறக்குறைய 163 ஹெக்டர்தான், ஆனாலும் அதிலுள்ள பூச்சி, பூஞ்சை, புழு எல்லாவற்றையும் கணக்கெடுக்க ஓர் ஆயுள் போதாது. அதேநேரம் இந்த இடத்தில் வீடு கட்டுவதா, சாலை போடுவதா, அப்படியே விடுவதா என்று முடிவெடுப்பவர்களிடம் அத்தனை காலம் இல்லை. அதனால் எண்ணுவதற்கு எளிதான ஒரு கூட்டத்தை எண்ணி, மற்ற உயிர்களின் நிலை எப்படி இருக்கும் என்று ஊகிக்கிறோம். அப்படி ஊகிக்க உதவும் உயிரினத்தைத்தான் இண்டிகேட்டர், அதாவது சுட்டும் இனம் என்கிறார்கள்.

ஏன் பறவை மட்டும்? தவளை, வண்டு, பாம்பெல்லாம் உயிர் இல்லையா?

உயிர்தான், ஆனால் தவளையை எண்ண இரவில் ஓடைக்குள் இறங்க வேண்டும், பாம்பு கண்ணிலேயே படாது, வண்டுகளை இனம் பிரிக்கத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பறவை பகலில் நடமாடுகிறது, சத்தம் போட்டு இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கிறது, கையேட்டைப் பார்த்து யாரும் ஓரிரு ஆண்டுகளில் கற்றுக்கொள்ளலாம். சிங்கப்பூரில் இதுவரை 400க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியிருக்கின்றன. இவ்வளவு சின்ன ஊருக்கு இது பெரிய பட்டியல், ஆனாலும் ஆர்வமுள்ள ஒரு மனிதர் தலைக்குள் வைத்துக்கொள்ளக்கூடிய அளவுதான்.

இன்னொரு வசதி, பழைய பதிவுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கே பறவைகளைச் சேகரித்துப் பட்டியல் போட்டிருக்கிறார்கள், அதனால் இன்றைக்கு இருப்பதை அன்றைக்கு இருந்ததோடு ஒப்பிட முடிகிறது. சிங்கப்பூர் தன் ஆதிக் காடுகளில் 95 விழுக்காட்டுக்கும் மேல் இழந்துவிட்டது. செடிகொடிகள், பறவைகள், பூச்சிகள் என்று பல கூட்டங்களையும் சேர்த்துப் பார்த்து 2023ல் வெளியான ஓர் ஆய்வு, இரண்டு நூற்றாண்டுகளில் இந்தத் தீவின் இனங்களில் சுமார் 37 விழுக்காடு அழிந்திருக்கும் என்று மதிப்பிட்டது. பழைய பதிவுகள் இல்லாமல் இப்படி ஒரு கணக்கைப் போட்டிருக்கவே முடியாது.

எங்க புளோக் கீழ எப்பப் பார்த்தாலும் பறவைக் கூட்டம். அப்போ இயற்கை நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?

அது என்ன பறவை என்று முதலில் சொல்லுங்கள். மைனா, புறா, காக்கை என்றால் உங்கள் புளோக்கில் சாப்பாடு நிறையச் சிந்துகிறது என்று அர்த்தம். இந்த மைனாவில் பெரும்பாலானவை ஜாவா மைனா, ஜாவாவிலிருந்தும் பாலியிலிருந்தும் 1920களில் கூண்டுப் பறவையாக வந்து தப்பிப் பெருகியவை. காக்கையும் இந்த மண்ணின் பறவை அல்ல, நம்மைப் போல அதுவும் தெற்காசியாவிலிருந்து வந்ததுதான். இவை எங்கேயும் பிழைத்துக்கொள்ளும், எதைப் போட்டாலும் தின்னும், அதனால் இடத்தைப் பற்றி இவை சொல்வது ரொம்பக் குறைவு.

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் மனதில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும்: எத்தனை பறவை என்பதைவிட எந்தப் பறவை என்பதுதான் கேள்வி. பத்தே இனம் இருக்கும் ஒரு காட்டுத்துண்டு, முப்பது இனம் இருக்கும் பூங்காவைவிட முக்கியமாக இருக்க முடியும்.

சரி, அப்போ எந்தப் பறவையைப் பார்த்தா சந்தோஷப்படணும்?

பிடிவாதக்காரப் பறவைகளைப் பார்த்தால். இது இல்லாவிட்டால் வாழமாட்டேன் என்று அடம்பிடிப்பவைதான் நல்ல சாட்சிகள். குக்குறுவான் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் டுக் டுக் என்று விடாமல் கத்துமே, செம்மார்புக் குக்குறுவான், அது இங்கே பூங்காவிலும் சாலையோர மரத்திலும் தாராளமாக இருக்கும். அதே குடும்பத்துச் செந்தலைக் குக்குறுவான் மத்திய நீர்ப்பிடிப்புக் காடு போன்ற வளர்ந்த காட்டை விட்டு வெளியே வராது. முதலாவதைக் கேட்டால் அங்கே மரம் இருக்கிறது என்று தெரியும், இரண்டாவதைக் கேட்டால் காடு இருக்கிறது என்று தெரியும்.

எனக்கு இதைவிடப் பிடித்த சாட்சி சிலம்பன் வகைகள். அழகு ஒன்றும் கிடையாது, பழுப்பு நிறத்தில் காட்டுத் தரையோரம் இருட்டில் பூச்சி பொறுக்கிக்கொண்டு திரியும், படம் பிடிக்க வருபவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் நிழலும் ஈரமும் உதிர்ந்த இலை மெத்தையும் வேண்டும் என்பதால் வெட்டவெளியைத் தாண்டிப் பறக்க இவற்றுக்கு மனம் வராது, ஒரு சாலை குறுக்கே வந்தாலே அந்தப் பக்கத்துக் குடும்பம் அந்நியமாகிவிடும். வெப்பமண்டலக் காட்டைத் துண்டு போட்டால் முதலில் குறைவது தரையோரப் பூச்சியுண்ணிகள்தான் என்று பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். மரங்கொத்தியும் அப்படித்தான். சின்ன வகைகள் இங்கே பூங்காவிலேயே பிழைக்கின்றன, பெரிய முதுமரங்களை நம்பியிருந்த வெள்ளைவயிற்று மரங்கொத்தி போய்விட்டது. ட்ரோகன் என்கிற தீக்காக்கை வகைகளில் ஒன்றுகூட இப்போது இங்கே இல்லை.

பீஷானிலேயே இருவாச்சி பார்த்தேன். காடு திரும்பி வந்துடுச்சா?

இருவாச்சி திரும்பி வந்தது, காடு அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிருந்து மறைந்த இந்தப் பறவை 1994ல் புலாவ் உபின் தீவில் மறுபடி தென்பட்டது. கூடு வைக்கப் பெரிய பொந்து வேண்டுமே, அந்த அளவு மரங்கள் போதாது என்பதால் 2004 வாக்கில் செயற்கைக் கூட்டுப் பெட்டிகளை வைத்து ஒரு திட்டம் தொடங்கினார்கள், அது நன்றாகவே பலித்தது. இந்த வகை இருவாச்சி காட்டோரத்திலும் பழமரத் தோட்டத்திலும் வாழத் தெரிந்தது, சிலம்பன் மாதிரி கூச்சப்படாது. ஆகவே அது சொல்லும் செய்தி, பழ மரம் இருக்கிறது, பொந்தோ பெட்டியோ இருக்கிறது, யாரும் அடிக்கவில்லை என்பது வரைக்கும்தான்.

மக்களைக் கவர்ந்து ஆதரவு சேர்க்கும் பறவை வேறு, இடத்தின் நிலையைச் சுட்டும் பறவை வேறு. இருவாச்சி முதல் வேலைக்கு அருமையான ஆள். சிலம்பன் படத்தைப் போட்டு யாரும் டீ-சட்டை அச்சடிக்க மாட்டார்கள்.

அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கிறோம், அதனால உங்க கணக்கு கெட்டுப்போகுமா?

கணக்கு கெடுவது இருக்கட்டும், வனவிலங்குச் சட்டம் 2020ல் கடுமையாக்கப்பட்டதிலிருந்து பறவைக்கு உணவு போடுவது இங்கே குற்றம். முதல்முறை 5,000 வெள்ளி வரை, திரும்பவும் மாட்டினால் 10,000 வெள்ளி வரை அபராதம். புறாவுக்கும் சேர்த்துத்தான். பெரியவர்களிடம் இதைச் சொல்வது சங்கடம்தான், எனக்கும் தெரியும்.

கேள்விக்கு வருகிறேன். உணவு போடும் இடத்தில் பறவை எண்ணிக்கை ஏறும், ஆனால் அந்த எண்ணிக்கை இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது, நம் வீட்டுச் சாதத்தைப் பற்றித்தான் சொல்லும். புண்ணியத்துக்காகக் கூண்டுப் பறவையை வாங்கித் திறந்துவிடுவதும் குற்றமே, அது இன்னும் குழப்பம். எங்கிருந்தோ வந்த பறவை ஒன்று புதிய இனமாகப் பட்டியலில் ஏறி நிற்கும்.

எப்படி எண்ணுறாங்க? ஒரே மைனாவை நாலு தடவை எண்ணிட மாட்டாங்களா?

வாய்ப்பு உண்டு. அதனால்தான் முறை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட இடத்தில் நின்று, ஐந்தோ பத்தோ நிமிடத்துக்குள், ஒரு வட்டத்துக்குள் கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் மட்டும் குறித்துக்கொண்டு நகர வேண்டும், அல்லது ஒரே பாதையில் ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். விடிந்த முதல் ஓரிரு மணி நேரம்தான் நல்ல நேரம், வெயில் ஏறிவிட்டால் நம்மைப் போல அவையும் நிழலில் அடங்கிவிடும். அடர்ந்த காட்டில் பத்தில் எட்டைக் காதால்தான் பிடிக்க வேண்டியிருக்கும். புதிதாக வருபவர்கள் திணறுவது இங்கேதான்.

எண்ணியது முழு எண்ணிக்கை என்று யாரும் நினைப்பதில்லை. இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அதே தவறை அதே அளவில் செய்தால் போதும், கூடியதா குறைந்ததா என்று தெரிந்துவிடும். சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் தன் ஆண்டுப் பறவைக் கணக்கெடுப்பை 1986ல் தொடங்கியது. ஒரு வருடத்துக் கணக்கு மட்டும் தனியாக ஒன்றுக்கும் உதவாது, முப்பது நாற்பது வருடம் சேர்ந்தால்தான் அதற்கு மதிப்பு.

போன்ல ஆப் இருக்கு, நானும் பதிவு போட்டா உபயோகமா?

தாராளமாக. பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இபேர்ட் செயலியில் போடுவதாக இருந்தால் பார்த்த எல்லாப் பறவையையும் போடுங்கள், மைனா புறா உட்பட. அரிய பறவையை மட்டும் போட்டால், மற்றது அங்கே இல்லையா அல்லது நீங்கள் எழுதவில்லையா என்று தெரியாமல் போகும். சத்தத்தை வைத்துச் செயலி சொன்னதை அப்படியே நம்பாதீர்கள், மைனா நன்றாகவே மிமிக்ரி செய்யும். கூடு இருக்கும் இடத்தைப் படத்தோடு வெளியே போடாதீர்கள், சில அரிய இனங்களின் துல்லியமான இடத்தை இபேர்டே மறைத்துவிடுகிறது, காரணம் பின்னால் புல்புல் பற்றிய பதிலில் வரும்.

குளிர்காலத்துல மட்டும் வந்து போற பறவையை எண்ணி என்ன பிரயோஜனம்?

செப்டம்பர் முதல் மார்ச் வரை சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தின் சேற்றுத்திட்டில் நிற்கும் பசிபிக் பொன் உப்புக்கொத்தி சைபீரியா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு வருகிறது. வழியில் இளைப்பாறி இரை தின்ன இப்படிப்பட்ட சேற்று நிலங்கள் சங்கிலி போல் இருக்க வேண்டும். நம் கண்ணியை நாம் காப்பாற்றி வைத்திருக்கிறோமா என்று சொல்ல இந்தப் பறவைகளைவிட நல்ல ஆள் கிடையாது.

ஆனால் எண்ணிக்கை குறைந்தால் உடனே சுங்கை பூலோவைக் குறை சொல்லக்கூடாது. சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவே மஞ்சள் கடலோரத்தில் சேற்று நிலங்களைப் பெருமளவில் தூர்த்துவிட்டார்கள், இந்த வழித்தடத்துக் கரையோரப் பறவைகள் பல குறைந்ததற்கு அது முக்கியக் காரணம். எங்கோ நடந்த சேதம் இங்கே எண்ணும்போதுதான் தெரியும்.

குறைஞ்சா ஏன் குறைஞ்சதுன்னு பறவையே சொல்லிடுமா? ஊர்ல சிட்டுக்குருவி செல்போன் டவரால அழிஞ்சுச்சே, அந்த மாதிரி?

சொல்லாது. ஏதோ மாறிவிட்டது என்று மணி அடிக்கும், அவ்வளவுதான். டவர் கதைக்கு ஆதாரம் இல்லை. லட்சக்கணக்கான பதிவுகளை வைத்து 2020ல் வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, சிட்டுக்குருவி நாடு முழுதும் பார்த்தால் ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில் குறைந்திருக்கிறது என்றது.

பிணந்தின்னிக் கழுகு கதை இதற்கு நல்ல உதாரணம். இந்தியாவில் 1990களில் கழுகுகள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது எண்ணிக்கை மட்டும்தான் கையில் இருந்தது, ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். செத்த பறவைகளை அறுத்துப் பார்த்த பிறகுதான் மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து என்று தெரிந்தது. 2006ல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள்.

இந்தக் கணக்கெல்லாம் வச்சு அரசாங்கம் உண்மையிலேயே எதையாவது மாத்தியிருக்கா?

மாற்றியிருக்கிறது. சுங்கை பூலோ வேளாண் தொழில்நுட்பப் பூங்காவுக்கு ஒதுக்கப்பட்ட பகுதியில் இருந்தது. 1986ல் பறவை பார்ப்பவர்கள் அங்கே வலசைப் பறவைகள் குவிவதைக் கவனித்து, பட்டியலோடு அரசாங்கத்திடம் போனார்கள். 1989ல் 87 ஹெக்டர் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது, 1993ல் திறந்தார்கள், 2002ல் சட்டப் பாதுகாப்புள்ள காப்பகமாக உயர்ந்தது. இப்போது மண்டாய் சதுப்பு, கிராஞ்சி என்று சுற்றியுள்ளவற்றையும் சேர்த்து 400 ஹெக்டருக்கு மேல் ஒரே வலையமைப்பாகத் திட்டமிடுகிறார்கள். பறவைக்காக ஆரம்பித்த இடத்தில் இன்று நீர்நாயும் முதலையும் சதுப்பு மரங்களும் சேர்ந்து பிழைத்துக்கொண்டிருக்கின்றன.

இன்னொன்று, சுட்டும் உயிர்களை வைத்துத் திட்டம் பலித்ததா என்று பார்ப்பது. 1986ல் திறந்த புக்கிட் தீமா விரைவுச்சாலை, புக்கிட் தீமா காட்டையும் மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டையும் இரண்டாகப் பிளந்தது. 2013ல் அதன் மேல் மரம் நட்ட ஒரு பாலம் கட்டினார்கள். அதைக் கடந்தவற்றில் எறும்புத்தின்னியும் உண்டு, மரகதப் புறாவும் உண்டு. தமிழ்நாட்டின் மாநிலப் பறவை இங்கே விரைவுச்சாலையை நடந்தே தாண்டுவதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

"சிங்கப்பூர் குறியீடு"ன்னு ஒண்ணு இருக்காமே?

ஆமாம், நகரங்கள் தங்கள் பல்லுயிர் நிலையைத் தாங்களே மதிப்பெண் போட்டுப் பார்க்க ஒரு முறை. 2008ல் சிங்கப்பூர் இந்த யோசனையை ஐநா பல்லுயிர் மாநாட்டில் முன்வைத்தது. முதலில் 23 அளவுகோல், 2021ல் திருத்தி 28 ஆக்கினார்கள். அதில் ஒன்று, கட்டடங்கள் நிறைந்த பகுதியில் எத்தனை உள்ளூர்ப் பறவை இனங்கள் இருக்கின்றன என்பது. உள்ளூர் என்பதைக் கவனியுங்கள், புளோக் கீழே இருக்கும் ஜாவா மைனாவுக்கு மதிப்பெண் கிடையாது.

பறவை நல்லா இருந்தா மத்ததெல்லாம் தானா நல்லா இருக்கும்ல?

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஒரு கண்டத்தையோ நாட்டையோ மொத்தமாகப் பார்த்தால் பறவை அதிகமுள்ள பகுதியில் மற்ற உயிர்களும் அதிகம் இருப்பது வழக்கம். ஆனால் இந்தக் காட்டுத்துண்டா அந்தக் காட்டுத்துண்டா என்ற அளவுக்கு இறங்கினால் பொருத்தம் கழன்றுபோகும். பிரிட்டனைப் பத்துக் கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து 1993ல் பார்த்தார்கள். பறவை மிகுந்த கட்டங்களும் வண்ணத்துப்பூச்சி மிகுந்த கட்டங்களும் பெரிதாக ஒத்துப்போகவில்லை. சிங்கப்பூரில் எல்லா முடிவும் துண்டு அளவில்தான் நடக்கிறது, அதனால் இது நமக்குச் சின்ன விஷயம் இல்லை.

சிங்கப்பூர் நன்னீர் நண்டு என்று ஒன்று உண்டு, உலகிலேயே இந்தத் தீவின் சில மலையோடைகளில் மட்டும் வாழ்வது. ஓடைத் தண்ணீரில் அமிலம் ஏறினால் அது அழியும், மேலே கிளையில் இருக்கும் பறவைக்கு அது தெரியவே தெரியாது. ஓடை இருந்தால் நண்டையும் மீனையும் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும்.

காட்டைச் சுத்தி வெட்டியாச்சு, ஆனாலும் பறவை அங்கேயே இருக்கே?

இருக்கும், கொஞ்ச காலத்துக்கு. பறவைக்கு ஆயுள் இருக்கிறது, பழகிய இடத்தை உடனே விடாது. ஆனால் குஞ்சுகள் தேறாமல், வெளியிலிருந்து புதுப் பறவையும் வராமல், இருபது முப்பது ஆண்டுகளில் மெல்ல மெல்ல ஆள் குறைந்து ஒருநாள் சத்தமே இருக்காது. இதை அழிவுக் கடன் என்கிறார்கள். கட்டுமானம் முடிந்த மறு வருடமே கணக்கெடுத்து, பார்த்தீர்களா ஒன்றும் ஆகவில்லை என்று காட்டும் அறிக்கையை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

நல்ல காடு, ஆனா அந்தப் பறவை மட்டும் இல்லை. காட்டுல ஏதோ கோளாறா?

காட்டில் கோளாறு இல்லாமலும் இருக்கலாம். ஸ்ட்ரா ஹெடட் புல்புல் என்று ஒரு பாட்டுக்காரப் பறவை. குரலுக்காகவே பிடித்துப் பிடித்து, இந்தோனேசியாவில் நல்ல காடு இருக்கும் இடங்களில்கூட இதைத் துடைத்தெடுத்துவிட்டார்கள். 2018ல் இது மிக அருகிவிட்ட இனமாக அறிவிக்கப்பட்டது. உலகில் மிஞ்சியிருப்பதில் கணிசமான பங்கு சிங்கப்பூரில், முக்கியமாகப் புலாவ் உபினில். நம் காடு இந்தோனேசியக் காட்டைவிட உயர்ந்தது என்று இதற்கு அர்த்தமா? இங்கே கண்ணி வைப்பவர்கள் குறைவு, அவ்வளவுதான்.

ஜாவா மைனாவைக் குப்பைப் பறவை மாதிரி சொல்றீங்க, ஆனா உலகப் பட்டியல்ல அது ஆபத்துல இருக்காமே?

இரண்டும் உண்மை. புல்புல் கதையேதான், சொந்த ஊரில் கூண்டுக்காகப் பிடித்துத் தீர்த்தார்கள், இங்கே பெருகியது. அங்கே அது காக்கப்பட வேண்டிய இனம், இங்கே சிந்திய சோற்றின் அடையாளம். உலகப் பட்டியலை எடுத்து வந்து உள்ளூர்த் திட்டத்தில் அப்படியே ஒட்டினால், மைனா கூட்டமாக அடையும் ஆர்ச்சர்ட் ரோடு மரங்களைச் சரணாலயமாக்க வேண்டியிருக்கும்.

வீடு கட்ட இடம் வேணும். ரெண்டு காடு இருக்கு, ஒண்ணுலதான் கைவைக்காம இருக்க முடியும். பறவை அதிகமா இருக்கறதை வச்சுக்கலாம்ல?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஒரு கணக்குக்காக, முதல் காட்டில் எண்பது இனம், இரண்டாவதில் நாற்பது என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்பதும் ஏற்கெனவே மத்திய நீர்ப்பிடிப்பில் பத்திரமாக இருக்கின்றன, இந்த நாற்பதில் ஏழெட்டு வேறெங்கும் இல்லாதவை என்றால், நான் இரண்டாவதைத்தான் வைத்துக்கொள்வேன். ஏற்கெனவே காப்பாற்றியவற்றோடு இது புதிதாக எதைச் சேர்க்கிறது என்று பார்ப்பதுதான் முறை. பூங்காவைப் பற்றி மூன்றாவது கேள்வியில் சொன்னதும் இதே கணக்குத்தான்.

அதற்கு மேல், எது எதோடு இணைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். சின்னத் துண்டாக இருந்தாலும் இரண்டு பெரிய காடுகளுக்கு நடுவே இருந்தால் அதன் மதிப்பே வேறு. தெங்காவில் புது நகர் கட்டும்போது ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளம், 100 மீட்டர் அகலத்துக்கு ஒரு காட்டுப் பாதை விட்டிருப்பது இந்த எண்ணத்தில்தான். சிலம்பனுக்கு 100 மீட்டர் போதுமா என்பது எனக்குச் சந்தேகம்தான், மரம் வளர்ந்து நிழல் கட்டிய பிறகு எண்ணிப் பார்க்க வேண்டும். டோவர் காட்டில் 2021ல் கிழக்குப் பாதியை வீடுகளுக்கு எடுத்துக்கொண்டு, மேற்குப் பாதியைச் சுமார் பத்தாண்டுகளுக்குத் தொடுவதில்லை என்று முடிவானது. அந்தப் பத்தாண்டையும் யாராவது விடாமல் எண்ணிக்கொண்டிருந்தால்தான் அடுத்த முறை பேச்சுவார்த்தை மேசையில் வைக்க ஏதாவது இருக்கும். வார இறுதியில் நேரம் இருப்பவர்கள் வரலாம், கொசு மருந்தை மறக்காதீர்கள்.